உன் கடிதத்தில் நான் போட்ட சிவப்பு மை

இயேசு மரி சூசை துணை

திண்டுக்கல்
16.3.1999

அன்பு மகள் ஐரினுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே மஸ்கட்டில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, நைட் டியூட்டி முடிந்து நாலு மணி நேரமாவது தூங்கி, சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறோம். இந்த வேண்டுகிறோம் என்ற சொல்லை இனி உனக்கு எழுதலாமா என்று தெரியவில்லை, அடித்துவிடவும் மனசு வரவில்லை, கிடக்கட்டும். இங்கே பங்குனி பிறந்ததுமே வெயில் மண்டையைப் பிளக்கிறது. குழாயில் தண்ணீர் வந்து பன்னிரண்டு நாளாகிறது. உன் தம்பி கிளெமென்ட்டுக்கு ரெட்டியார்சத்திரத்துக்கு மாற்றல் வந்துவிட்டது, காலையில் ஏழரை பஸ்ஸைப் பிடித்தால் போதும் என்கிறான். அம்மாவுக்கு முட்டுவலி தேவலை. என்னோடுதான் அவள் பேசி ஆறு நாளாகிறது. சோற்றைப் போட்டுத் தட்டை நகர்த்தி வைக்கிறாள், அவ்வளவுதான். அதற்குக் காரணம் நான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், மூன்று தாள் கிழித்துப் போட்டுவிட்டு இது நாலாவது.

ஜனவரிக் கடைசியில் உன் கடிதம் வந்தது, ஏழு வாரம் ஆகிறது. உன் வார்டில் ரத்தப் புற்றோடு வந்த நாலு வயசுப் பிள்ளை, ஊசியைக் கண்டால் போர்வைக்குள் ஒளிந்துகொள்ளும் என்றும், கடைசி அன்று அது உன் சுண்டுவிரலைப் பிடித்தபடியே போய்விட்டது என்றும் எழுதியிருந்தாய். அப்பா, ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காட்டுவீர்களே, இதைச் செய்தவன் ஒருவன் உண்டென்றால் உலகத்தைச் செய்தவனும் இருந்துதானே ஆகவேண்டும் என்பீர்களே, நாலே வருடத்தில் நின்றுபோகிற கடிகாரம் என்றால் கடைக்காரனிடம் போய்ச் சண்டை போடமாட்டோமா, செய்தவன் இருக்கிறான் என்று நினைத்தால் அவன்மேல் ஆத்திரம் வருகிறது, ஒருவனும் இல்லை என்று நினைத்தால்தான் கொஞ்சம் தூக்கம் வருகிறது என்றும் எழுதியிருந்தாய். இதை உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன், அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று முடித்திருந்தாய்.

அதைப் படித்துவிட்டு உன் அப்பன் செய்த காரியத்தைக் கேள். முப்பத்திரண்டு வருஷம் நோட்டுத் திருத்திய கை அல்லவா, சிவப்புப் பேனாவை எடுத்தேன். உன் கேள்விகளுக்கு அடிக்கோடு போட்டு ஓரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டேன். பிறகு முழுநீளத் தாளில் எட்டுப் பக்கம் மறுப்பு எழுதினேன். கடிகாரம் நின்றுபோனதாலேயே செய்தவன் இல்லை என்று ஆகாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு, காரணத்துக்குக் காரணம் என்று போய்க்கொண்டே இருக்க முடியாது, எங்கோ ஒரு முதற்காரணம் நின்றாக வேண்டும். மனுஷனுக்குச் சுதந்திரம் கொடுத்ததால்தான் உலகத்தில் தீமை. பொன்னைப் புடம் போடுவதுபோல் துன்பம் ஆத்துமாவைப் பக்குவப்படுத்துகிறது. இப்படிப் போகிறது. சொல்ல நாக்கூசுகிறது, அதை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. நல்ல கேள்வி கேட்கிற மாணவி கிடைத்த மாதிரி. உனக்கு ஒரு வரி பதில் எழுதவேண்டும் என்று தோன்றவே இல்லை.

போன புதன்கிழமை நம் தெரு அன்பியக் கூட்டம் மரியசெல்வி வீட்டில். நீ போன பிறகு ஆரம்பித்தது இது, பதினைந்து குடும்பம் மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபித்து, வேதம் வாசித்து, ஆளுக்கொன்று மனசில் உள்ளதைப் பகிர்ந்துகொள்வது. என் முறை வந்ததும் உன் கடிதத்தை எடுத்தேன். பேரைச் சொல்லவில்லை, வெளிநாட்டில் இருக்கும் ஒரு பிள்ளை என்றேன். உங்களிடம் மட்டும் என்ற வரியைத் தாண்டிவிட்டேன், அதை ஞாபகமாகத் தாண்டினேன், தெரியாமல் அல்ல. ஆனால் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காட்டுவீர்களே என்ற வரி வந்தபோது பெருமையில் குரலை உயர்த்தி வாசித்தேன் பார், இந்தத் தெருவில் கடிகாரத்தைக் கழற்றிக் காட்டுகிறவன் நான் ஒருத்தன்தானே! அத்தனை பேரும் திரும்பி உன் அம்மாவைப் பார்த்தார்கள். அவள் ஜெபமாலையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டாமா? நிறுத்தவில்லை. எட்டுப் பக்கத்தையும் வாசித்து முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் சிறுமலைப் பழம் விற்கும் சகாயசெல்வி மூலையில் இருந்து கேட்டாள். சார், மனுசன் இஷ்டத்துக்கு விட்டதாலதான் கஷ்டம்னீக, அந்தப் பச்சப்புள்ள எந்த இஷ்டத்துல வியாதிய வாங்குச்சு? புடம் போடுறாருன்னீக, நாலு வயசுல என்னத்தப் புடம் போட? சரி விடுங்க, அதெல்லாம் படிச்சவுக சமாச்சாரம், அம்புட்டுப் பக்கம் எழுதியிருக்கீகளே, அந்தப் பொண்ணுக்கு என்ன எழுதுனீக என்றாள். எட்டுப் பக்கத்தையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். செத்த புள்ள பேரு என்ன சார், ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுவோம் என்றாள். கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நீ பேர் எழுதவில்லை. ஏழு வாரமாக அதைக் கையில் வைத்திருந்த எனக்கு அது உறைக்கவும் இல்லை.

இதே சகாயசெல்வி ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒரு ஞாயிறு மறைக்கல்வியில், எல்லாத்தையும் கடவுள் படைச்சாருன்னா கடவுளை யாரு சார் படைச்சா என்று கேட்டாள். கோயில் மணலில் மணி அடிக்கும்வரை முட்டி போட வைத்தேன். அவளுக்கு அது நினைவிருக்கிறதோ என்னவோ, எனக்கு அன்றைக்கு அந்த வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது நினைவுக்கு வந்துவிட்டது. மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

வீட்டுக்கு வந்ததும் அம்மா கடிதத்தைக் கேட்டு வாங்கினாள். புள்ள கடுதாசியில செவப்பு மை போட்டிருக்கீக என்றாள். பெத்தவகிட்டச் சொல்லாம உங்கள நம்பி எழுதியிருக்கா, பாவம், அவளுக்கு ஆளு தெரியல என்றாள். கடைசியாக அவள் பேசியது அதுதான். கடிதம் அவள் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. மரியசெல்வியின் தங்கை அங்கே மஸ்கட்டில்தான் இருக்கிறாள், போனில் விஷயம் உன் காதுக்கு வருவதற்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். அந்தப் பயம் இல்லாவிட்டால் எழுதியிருப்பேனா என்று கேட்டுப் பார்க்கிறேன், அதுவும் வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கு மதுரையில் ஆபரேஷன் நடந்த அன்று தியேட்டர் வாசலில் மூன்று மணி நேரம் அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் முதற்காரணம், கடிகாரம், ஒன்றும் கிட்டே வரவில்லை. நீ இருக்கிறாயா, இருந்தால் இவளை விட்டுவிடு என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். இருக்கிறாயா என்று கேட்டவன் அடுத்த ஞாயிறே பிள்ளைகள் முன்னால் கடிகாரத்தைக் கழற்றினேன். ஊருக்குத்தான் உபதேசம். கடவுள் இருக்கிறார் என்று நான் இன்னும் நம்புகிறேன் ஐரின், அதை உன்னிடம் மறைக்கமாட்டேன். ஆனால் நிரூபணம் என் கையில் இல்லை. உன் கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. அதை அன்றைக்கே ஒரு கார்டில் எழுதி, நீ அழுதாயா, சாப்பிட்டாயா என்று கேட்டிருந்தால் போதுமாயிருந்தது.

மே மாதம் லீவு கிடைத்தால் வந்துவிட்டுப் போ. பூசைக்கு வா என்று கூப்பிடமாட்டேன், யாரையும் கூப்பிடவும் விடமாட்டேன். அம்மா உனக்கென்று எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள். அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, எனக்கு அப்புறம் போட்டால் போதும். ராத்திரி டியூட்டியில் வெறும் டீயாகக் குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. சின்ன வயசில் நீ வெளியே கிளம்பும்போதெல்லாம் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவேன், உனக்கு வேண்டுமா என்று கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன். வேண்டாம் என்றாலும் நீ என் மகள்தான், எங்கிருந்தாலும் நன்றாயிரு.

ஒன்றை மட்டும் மறக்காமல் எழுது. அந்தப் பிள்ளையின் பெயர் என்ன? ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது.

உன் அப்பா,
ஞானதாஸ்