குழலில் நின்ற ஐந்து சதம்

மச்சாள்,

லண்டன், செவன் கிங்ஸ் வானமெல்லாம் இன்று வாணவெடி. வெளியே போகலாமென்று கோட்டை எடுத்தபோது, பையிலிருந்து உம்முடைய சதுர ஐந்து சதம் விழுந்தது. ஊர்க்காசு. மூச்சு விட்டால் பறக்கும் பாரம். உம்மைத் தகனம் செய்த அன்று உம்முடைய அக்கா என் பையில் போட்டுவிட்டாள்.

எங்கள் வீட்டில் இருந்துகொண்டு நீர் கைத்துவக்கு வாங்கப் போவதாக அறிவித்த நாளில், தேம்ஸ் நதி கொஞ்ச நேரம் ஓடாமல் நின்றது. உண்மைத் துவக்கை இந்த நாட்டில் வீட்டில் வைத்திருக்க விடமாட்டார்கள். உம்முடையது கிளப்பில் இலக்குச் சுடுகிற காற்றுத் துவக்கு, ஈயக்குண்டு பயறளவுதான். என்றாலும் உம்முடைய அக்கா சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனி. இஞ்ச வந்து காசு குடுத்து வாங்கிறியோ?"

"ஊரில அண்டைக்குத் துவக்குக் குழல் என்னைப் பாத்தது, நான் கண்ணை மூடினன். இப்பவும் கதவு அடிச்சா மூடுறன் அக்கா. ஒருக்காலாவது திறந்து வைச்சிருக்க வேணும்."

கிளப்பிலும் ஒவ்வொரு சூட்டுக்கும் கண்ணை மூடினீர். வீட்டில் குண்டில்லாமல் பழகச் சொன்னார்கள். காற்றும் போகாமல் விசையை மட்டும் இழுக்க உம்முடைய துவக்கில் ஒரு வழி இருந்தது.

அன்றிலிருந்து எங்கள் முன்னறை கர்ப்பக்கிரகம் ஆயிற்று. ஈயக்குண்டு இருந்த தகரப் பேணி வாசலில், சப்பாத்துத் தட்டில். "கோயிலுக்குள்ள செருப்போட போறேல்லைத்தானே அத்தான்" என்றீர். பிறகு துவக்கைத் திறந்து குண்டில்லையென்று பார்ப்பீர், திரும்பவும் பார்ப்பீர், என்னையும் பார்க்க வைப்பீர். எதிரே வெறும் செங்கல் சுவர். குறுக்கே எவரும் போகாமல் காப்பது நான். மூவுலகிலும் இல்லாத வாயில்காப்போன். குழலின் மேல் ஐந்து சதத்தை வைத்து விசையை இழுப்பீர். 'டிக்.' கண் மூடும், கை துள்ளும், காசு விழும். குனிந்து எடுப்பீர்.

ஒரு மாலை அது விழவில்லை. நீர் கண்ணைத் திறந்தபடி நின்றீர். மனோர் பார்க் வரைக்கும் கோயில் மணிகள் தாமாக அடித்தன என்று ஊரெல்லாம் சொன்னேன். இன்றும் அதை வாபஸ் வாங்கவில்லை.

கிளப்பில் போட்டி வந்தது. அதற்கு முதல்நாள் விருந்தாளிகள் வருகிறார்களென்று உம்முடைய அக்கா வாசலை ஒதுக்கி, குண்டுப் பேணியைக் கொண்டுவந்து முன்னறைக் கண்ணாடி அலுமாரியில் வைத்துவிட்டாள். பழகிக்கொண்டிருந்த நீர் அதைக் கண்டீர். சுவரைப் பார்த்தபடியே துவக்கை இறக்கி, திறந்து பார்த்து, பெட்டியில் வைத்துப் பூட்டினீர்.

"இண்டைக்கு முடிஞ்சுது."

"என்ன முடிஞ்சுது? நாளைக்குப் போட்டி! பேணி அங்க, துவக்கு இஞ்ச, நடுவில யானை மாதிரி ஒரு சோபா கிடக்கு!"

"குண்டு அறைக்குள்ள வந்திட்டுது அத்தான்."

"நானே எட்டிப் பாத்தனான். வெறும் துவக்கு!"

"வெறும் துவக்கெண்டு சொல்லித்தான் எங்கட பக்கத்து வீட்டுப் பெடியன் தன்ர சிநேகிதனைச் சுட்டவன்."

விமானநிலைய அதிகாரிகளாலேயே அடக்க முடியாத நான், பேணியை எடுத்துக்கொண்டுபோய்ச் சப்பாத்துத் தட்டில் வைத்தேன். ஒரு படையே வந்து கெஞ்சியிருந்தாலும் அந்தப் பெட்டி திறந்திராது. இத்தனை மெல்லிய ஒருத்திக்குள் இப்படியொரு மலையா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் போட்டியில் கடைசி ஆளுக்கு முந்தின இடம் உமக்கு. ரயிலில் என் கையைப் பிடித்துச் சொன்னீர்: "எல்லாத்தையும் கண் திறந்து சுட்டன் அத்தான்." உலகக் கோப்பை வென்றுவிட்டோமென்று அந்த ரயில்பெட்டியிலிருந்த எல்லோருக்கும் அறிவித்தேன். வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் எழும்பிக் கை தட்டினார்.

நானும் அதே ஊரிலிருந்து வந்தவன்தான் மச்சாள். இத்தனை சத்தம் போட்டுக் கதைப்பது எதற்கென்று நீர் மட்டும் கேட்டதில்லை, தெரிந்திருக்கும்.

இப்போது யன்னலடியில் நிற்கிறேன். புறங்கையில் உம்முடைய காசு. வெளியே வெடி. கண் மூடியது, காசு விழுந்தது. குனிந்து எடுக்கிறேன்.

"இஞ்சாருங்கோ, அங்க நிண்டு என்ன செய்யிறியள்?" என்கிறாள் உம்முடைய அக்கா.

"பழகிறன்" என்கிறேன், மெதுவாக.