பதினோரு பருந்துகள்

பாய்,

இன்று சாயங்காலம் நகராட்சிப் பள்ளிக்கூட மைதானத்தில் புல் வெட்டினார்கள். அந்த வாடை ஜன்னல் வழியாக வகுப்புக்குள் வந்தது. நான் கரும்பலகையை விட்டுவிட்டு வெளியே பார்த்தேன். நினைத்தது போலவே, மெஷின் போன தடத்தில் வெட்டுக்கிளிகள் எழும்ப, மலைக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு பருந்து வந்து வட்டம் போட்டது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. என்னை அறியாமல் எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

"தாத்தா, நோட்டுல எழுதச் சொன்னா வானத்துல என்ன வாசிக்கிறீங்க?" என்றாள் டீச்சர். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆமாம் பாய், வகுப்புதான். எழுபத்து மூன்று வயதில், நீ மாப்ள என்று கூப்பிடும் நான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். முன்பெல்லாம் பஸ்ஸின் நிறத்தையும் டிரைவரின் மீசையையும் பார்த்து ஏறுவேன், ஞாபகம் இருக்கிறதா? இப்போது பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு நத்தம், சிறுமலை, நெய்க்காரப்பட்டி என்று வாய்விட்டு வாசிக்கிறேன். போக வேண்டாத ஊரையும் விடுவதில்லை. போன வாரம் ஒரு கண்டக்டர், "பெருசு, ஏறுறீங்களா இல்லையா?" என்று அதட்டினான். "இல்லப்பா, வாசிச்சுட்டேன், நீ போ" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு விசில் அடித்தான்.

யாருக்காவது கடிதம் எழுதி வாருங்கள் என்று டீச்சர் சொல்லியிருக்கிறாள். மற்றவர்கள் மகனுக்கும் மருமகளுக்கும் தாசில்தாருக்கும் எழுதுகிறார்கள். நான் உனக்கு எழுதுகிறேன். இதுவரை எழுதியதற்கே மூன்று நாள் ஆகியிருக்கிறது. நீயாக இருந்தால் ஒரு டீ ஆறுவதற்குள் முடித்திருப்பாய்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் மேல் எனக்குப் பொறாமை. இருந்தது என்று எழுதத்தான் தொடங்கினேன். பொய் எழுத வேண்டாம் என்று அடித்துவிட்டேன்.

நாம் இருவரும் விமான நிலையத்தில் புல் வெட்டும் வேலைக்குச் சேர்ந்தது ஒரே நாளில். திங்கள் காலை ஒரே பஸ். சனிக்கிழமை திரும்புவதும் ஒரே பஸ். ஒரே தகரக் கொட்டகை, ஒரே சோற்றுச் சட்டி. நீ பேகம்பூரிலிருந்து பொட்டலம் கட்டிக் கொண்டுவரும் வெஞ்சனத்தில் பாதி எனக்கு. ஆனால் உன் சட்டைப் பையில் நீல மூடி போட்ட பேனா ஒன்று இருந்தது. என் பையில் பீடிக்கட்டு இருந்தது. அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது.

மாதம் ஒரு காலையில் ஓடுபாதை ஓரமாக எல்லாரும் வரிசையாக நடப்போமே, அது எனக்குப் பிடித்த நாள். சர்க்கார் அதிகாரி, விமானக் கம்பெனிக்காரர்கள், பெட்ரோல் நிரப்புகிறவர்கள், துப்பாக்கி வைத்த காவல்காரர்கள், நாம், எல்லாரும் கைக்கு எட்டும் தூரம் விட்டு நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே நடந்து, கிடக்கும் ஆணி, கல், கம்பித் துண்டைப் பொறுக்க வேண்டும். இன்ஜின் அதை உறிஞ்சிவிட்டால் ஆபத்து. விமானிகூட குனிந்து பொறுக்குவார். அங்கே என் கண்ணுக்கு நிகர் இல்லை. மற்றவர்கள் பத்து எடுத்தால் நான் இருபது எடுப்பேன். எடுத்து என்ன செய்ய? எது, எங்கே கிடந்தது என்று மஞ்சள் தாளில் எழுதுகிறவன் நீ. அதிகாரி தாளை வாங்கிப் பார்த்து, "பாய் எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கு" என்பார். ஆணியைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்.

பிறகு உன்னை அந்தக் கூட்டத்துக்கே கூப்பிட்டுவிட்டார்கள். கலெக்டர் ஆபீஸிலிருந்து ஒருவர், விமான நிலையத்து ஆட்கள், கம்பெனிக்காரர்கள், சுகாதார அதிகாரி, பஞ்சாயத்துத் தலைவர், கறிக்கடைக்காரர்கள் என்று எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, பறவை வந்து விமானத்தில் மோதாமல் இருக்க என்ன செய்யலாம் என்று பேசும் கூட்டம். வேலைக்காரர்கள் சார்பில் ஒருவர் வேண்டும், எழுதப் படிக்கத் தெரிந்தவராக வேண்டும் என்றார்கள். நீ சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனாய். நான் ஜன்னலுக்கு வெளியே களை பிடுங்குவது போல உட்கார்ந்து பார்த்தேன். உன் நாற்காலிக்கு முதுகில் துண்டு போட்டிருந்தது. உனக்கு டீ சாஸருடன் வந்தது.

நீ அங்கே நன்றாகத்தான் பேசினாய். அதையும் எழுத வேண்டும். கறிக்கடைக் கழிவுக்குப் பருந்து கூடுகிறது, கடைக்காரர்களுக்கு இன்னொரு நோட்டீஸ் கொடுப்போம் என்று ஒருவர் சொன்னபோது நீ எழுந்தாய். "நோட்டீஸ் வேணாங்கய்யா. அவுக கடை ஒன்பது மணிக்கு முடியுது. குப்பை வண்டி பன்னண்டுக்கு வருது. நடுவுல அவுக கழிவைத் தலையிலயா வச்சுக்குவாக? வண்டியைச் சீக்கிரம் அனுப்புங்க" என்றாய். விமானக் கம்பெனிகள் சேர்ந்து ஒரு வண்டி கொடுத்தன, பஞ்சாயத்து ஆள் கொடுத்தது. இரண்டு மாதத்தில் பருந்து குறைந்தது. வெளியே வந்து நீ என் தோளில் கை போட்டு, "எப்படி மாப்ள?" என்றாய். "டீ நல்லா இருந்துச்சா?" என்று கேட்டேன். நீ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாய்.

அந்த மஞ்சள் தாளைப் பற்றி நீ அடிக்கடி ஒன்று சொல்வாய்: "என்ன நடந்துச்சுன்னு எழுதணும் மாப்ள. யாரு செஞ்சான்னு எழுதக் கூடாது." எழுதிக் கொடுப்பவன் மேல் நடவடிக்கை கிடையாது என்று தாளின் தலையிலேயே அச்சடித்திருந்தது. நீதான் அதை எங்கள் எல்லாருக்கும் உரக்க வாசித்துக் காட்டினாய். ஆகவே வேலை போய்விடும் என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டேன் என்று நான் சொல்ல முடியாது.

எதைப் பற்றி என்று உனக்குத் தெரியாது. இப்போது சொல்கிறேன்.

அந்த வருடம் நம் பக்கம் மழை இல்லை. என் வீட்டுச் செவலை மாடு சோளத்தட்டையை மென்று மென்று வாய் புண்ணாகிக் கிடந்தது. விமான நிலையத்திலோ நான் நாள் முழுக்கக் கொழுக்கட்டைப் புல்லைப் பச்சைப் பசேலென்று வெட்டுகிறேன். வெட்டிய புல்லை அன்றைக்கே டிராக்டரில் ஏற்றி வெளியே கொட்டிவிட வேண்டும் என்பது விதி. விவசாயி வீட்டில் பிறந்தவனுக்கு அதைக் கொட்டக் கை வருமா பாய்? உனக்குத் தெரியாமல், தினம் நான்கு கட்டு, மழைநீர் வாய்க்காலின் சிமெண்டுக் குழாய்க்குள் ஒளித்து வைத்தேன். சனிக்கிழமை பால் வண்டிக்காரனிடம் சொல்லி ஊருக்குக் கொண்டுபோக ஏற்பாடு. மூன்று வாரம் நடந்தது. மாடு தேறியது. அடியில் கிடந்த பழைய புல் நொதித்தது. எலி வந்தது. எலிக்குப் பருந்து வந்தது.

ஒரு புதன்கிழமை நான் எண்ணினேன். பதினொன்று. தாழப் பறந்தன. அது எதில் முடியும் என்று எனக்குத் தெரியும். நீ ஐம்பதடி தள்ளி மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாய். கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாய். மறுநாள் மதியம் உன் மேசைக் கூட்டம். சொன்னால் இவன் பேனாவை எடுப்பான், நாளைக்கு அங்கே வாசிப்பான், என் கண்ணால் கண்டதற்கு இவன் டீ குடிப்பான் என்று நினைத்தேன். புல்லை எடுத்துவிடத்தான் நினைத்தேன். நாளைக்கு எடுக்கலாம் என்று விட்டேன். பாய், ஒரு கப் டீ. அதற்காகத்தான்.

வியாழன் காலை முதல் விமானம் இறங்கும்போது அந்தச் சத்தம் கேட்டது. பெரிய இரும்புக் கதவை ஓங்கிச் சாத்தியது போல. இன்ஜினிலிருந்து புகை. விமானம் ஓடி, ஆட்டம் கண்டு, ஓடுபாதைக் கோடிக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. ஒருவருக்கும் அடி இல்லை. ஏணி வைத்து இறக்கினார்கள். ஒரு பெண் கைக்குழந்தையோடு இறங்கியவள், நடக்காமல் அந்தத் தரையிலேயே உட்கார்ந்து குழந்தையின் கைவிரல், கால்விரல் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அந்த உருவம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

நீ இறகுகளைப் பையில் பொறுக்கிக்கொண்டு என்னிடம் வந்தாய். உனக்கு மூச்சு வாங்கியது.

"மாப்ள, ஒன் கண்ணுக்கு எதுவும் தப்பாதே. நேத்து இந்தப் பக்கம் பருந்து பாத்தியா?"

"இல்ல பாய்."

"ஒண்ணுகூடவா?"

"அதான் இல்லைங்கறேன்ல."

நீ இறகுப் பையைத் தரையில் வைத்தாய். பிறகு பேனா மூடியைக் கழற்றி எழுதினாய். நீ எழுதி முடிக்கும்வரை நான் உன் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று மதியமே குழாயைச் சுத்தம் செய்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை.

உள்ளே பருந்து இல்லை, ஆகவே வெளியிலிருந்து வந்தது என்று முடிவாயிற்று. கறிக்கடைகளைப் பதினைந்து நாள் சாத்தச் சொன்னார்கள். அதைப் போய்ச் சொல்லும் வேலையும் உனக்குத்தான் வந்தது. துணைக்கு நான் வந்தேன். கடைக்காரர் கத்தியைக் கட்டையில் குத்தி நிறுத்திவிட்டு, "ஏன் பாய், குப்பையைத்தான் காலையிலேயே அள்ளிட்டுப் போறீகளே. பெறகு எங்க கடையில என்ன பருந்து? அங்கன ஏசி ரூமுல ஒக்காந்ததும் நம்மாளுக கண்ணுக்குத் தெரியலயோ?" என்றார். திரும்பி வரும்போது, "எங்கயோ இடிக்குது மாப்ள" என்று மட்டும் சொன்னாய். நான் ரோட்டோரப் புளியமரங்களை எண்ணிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகும் எத்தனையோ வருடம் ஒரே சட்டியில் சாப்பிட்டோம். உன் மவுத்துக்கு பேகம்பூர் வந்து, கபர்ஸ்தானில் மூன்று கை மண் போட்டேன். ஒவ்வொரு கைக்கும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள்.

போன மாதம், ஓரளவு வாசிக்க வந்ததும் நேரே உன் வீட்டுக்குத்தான் போனேன். "தங்கச்சி, பாய் மஞ்சத் தாளுக்குக் கார்பன் வச்சு நகல் எடுத்த நோட்டு இருக்குமா?" என்று உன் மனைவியிடம் கேட்டேன்.

"அது எதுக்குண்ணே? ஒங்களுக்குத்தான் எழுத்து தெரியாதே."

"இப்பத் தெரியும்."

"எங்க, இதை வாசிங்க பாப்போம்" என்று மாத்திரை அட்டையை நீட்டினாள். தட்டுத் தடுமாறி வாசித்தேன். "அல்லாவே! அவுக இருந்து பாக்கலையே" என்று சிரித்தவள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தாள்.

அந்த வியாழக்கிழமைப் பக்கத்தைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. வாசிக்க இன்னொரு மணி நேரம். நீ எழுதியிருந்தாய்: "முந்தைய நாள் இப்பகுதியில் பருந்து எதுவும் காணப்படவில்லை. இதைச் சொன்னவர் எங்களில் கூர்மையான கண் உள்ளவர். அவர் இல்லை என்றால் இல்லை."

ஒரு அடித்தல் இல்லை. ஒரு கோணல் இல்லை. நோட்டு முழுக்க நீ எழுதியதில் பொய் என்று இருப்பது அந்த மூன்று வரிதான். அது என்னுடையது. என் கண்ணை ஒருவராவது எழுத்தில் புகழ மாட்டார்களா என்று ஏங்கினேனே, அங்கே இருக்கிறது அந்தப் புகழ். அதை வைத்துத்தான் கடைகளைச் சாத்தினார்கள்.

அந்த நோட்டின் கடைசியில் ஒரு மஞ்சள் தாள் எழுதாமல் இருந்தது. உன் மனைவியிடம் கேட்டு வாங்கினேன். உன் பேனாவையும் கேட்டேன். பேரன் எடுத்துப் போய்விட்டானாம். கடையில் நீல மூடி போட்டதாகப் பார்த்து வாங்கினேன். அந்தத் தாளில் எட்டு நாள் எழுதினேன். டீச்சர் பார்த்துவிட்டு, "இம்புட்டு வருசம் கழிச்சு இதை யாரு தாத்தா கேக்கப் போறா?" என்றாள். அந்தக் கூட்டம் இன்னும் நடக்கிறதாம்மா என்று விசாரிக்கச் சொன்னேன். போன் போட்டுக் கேட்டாள். நடக்கிறதாம்.

அதில் புதன்கிழமை, குழாய், எலி, பதினோரு பருந்து எல்லாம் இருக்கிறது. கடைசியில் யோசனை என்று ஒரு கட்டம் உண்டே, அங்கே இப்படி எழுதினேன்: "வறட்சிக் காலத்தில் மாடு வைத்திருப்பவனிடம் பச்சைப் புல்லைக் கொட்டிவிடு என்றால் கொட்ட மாட்டான். ஒளித்து வைப்பான். புல்லை அன்றே அவன் ஊருக்குக் கொண்டுபோக ஒரு வண்டி கொடுங்கள்." கறிக்கடைக்கு நீ சொன்ன வழிதான். ஆனால் இதை நீ எழுதியிருக்க முடியாது பாய். உன் வீட்டில் மாடு இல்லை. இதை எழுதி முடித்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். அடுத்த கூட்டத்தில் என் தாளையும் அந்த மேசையில் வாசிப்பார்கள். எனக்கு டீ வராது. பரவாயில்லை.

நாளைக் காலை தலைமைத் தபால் நிலையத்துக்கு நானே போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பப் போகிறேன். கவரின் மேல் முகவரியும் நானே எழுதிவிட்டேன்.

ஒன்றே ஒன்றில் உன் பேச்சைக் கேட்கவில்லை. என்ன நடந்தது என்று எழுது, யார் என்று எழுதாதே என்பாய். நான் யார் என்றும் எழுதிவிட்டேன். கீழே என் பெயரை முழுதாக, அப்பா பெயரோடு போட்டிருக்கிறேன். வரி கீழே இறங்கிவிட்டது. உன் பக்கத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உன் எழுத்து நூல் பிடித்தது போல நேராகப் போகிறது.

எப்படி பாய் எழுதினாய் அப்படி? வயிறு எரிகிறது.