மாசி போட்ட சீனிச் சம்பல்

என் ஆசை மச்சானுக்கு,

நீ போய் எட்டு மாதமாகிறது. வருகிற பௌர்ணமிப் போயா லீவில் நானும் உன் தங்கை வாசுகியும் நக்கிள்ஸ் மலைக்குப் போவதாக இருக்கிறோம். போன வருடம் நீ எழுதித் தந்த சாப்பாட்டுப் பட்டியலைப் பார்த்துத்தான் பை கட்டுகிறோம். முதல் நாள் பாண் ரொட்டியும் தொட்டுக்கொள்ளச் சீனிச் சம்பலும், அடுத்த நாள் நூடில்ஸ், கடைசி நாளுக்குச் சத்துமா. பாரம் கூடினால் இவன் பாதி வழியில் புலம்புவான் என்று ஓரத்தில் என்னைச் சீண்டியும் எழுதியிருக்கிறாய்.

வாசுகி சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவள் எழும்பி நடந்தால் இனி மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடமாட்டேன் என்று ஜிந்துப்பிட்டி முருகனிடம் நேர்த்தி வைத்தவன் நீ. கணவாய்க் கறி என்றால் கூப்பிடாத வீட்டுக்கும் போகிற ஆள்! அவள் எழும்பினாள், நீயும் சொன்ன சொல்லில் நின்றாய்.

போன வருடம் நாம் இருவரும் மலைக்குப் போனபோது சம்பல் என் பொறுப்பு. மாசிக்கருவாடு போடாமல் வீட்டில் செய்விக்கச் சொல்லியிருந்தாய். வாசுகியிடம் சொல்ல மறந்துபோனேன். வெளிக்கிட்ட அன்று காலை வெள்ளவத்தையில் ஒரு கடையில் கைக்கு வந்த போத்தலை வாங்கினேன். கண்ணாடி பாரம் என்று டப்பாவுக்கு மாற்றும்போதே மாசி மணத்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, பிறகு சொல்லலாம் என்று பைக்குள் வைத்தேன்.

கூடாரத்துக்கு முன்னால் இருந்து பாணைப் பிய்த்தாய். "மச்சான், இதில மாசி இல்லைத்தானே?"

"இல்லை. வாசுகி செய்தது. சாப்பிடு" என்றேன்.

தங்கை செய்தது என்றதும் வேறு கேள்வியே கேட்காமல் சாப்பிட்டாய். கேட்டு வாங்கியும் சாப்பிட்டாய்.

உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? பாணில் சீனியைத் தூவிச் சாப்பிட்டுவிட்டு, கொழும்பு வரும்வரை என்னை நக்கலடித்திருப்பாய். அந்த நக்கலுக்குப் பயந்துதான் உன் நேர்த்தியை முறித்தேன். நினைக்க நினைக்க வெட்கமாக இருக்கிறது மச்சான். இறங்கி வந்த பிறகாவது ஏன் சொல்லவில்லை? நாளைக்கு, நாளைக்கு என்றே இருந்தேன். அதற்குள் உன் நெஞ்சு நின்றுவிட்டது.

நேற்று வாசுகி சம்பலுக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டு நின்றாள். "அண்ணா ஒருநாளும் நேர்த்தியை முறிக்கேல்லை. அதாலதான் நான் இப்ப மலை ஏறப்போறன்" என்றாள். என்னால் தாங்க முடியவில்லை. மாசி போட்ட சம்பலை உனக்குத் தந்ததைச் சொல்லிவிட்டேன்.

அடுப்பை நிற்பாட்டினாள். "அவர் தெரியாமத்தானே சாப்பிட்டவர். அவரில பிழையில்லை" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "மாசி இருக்கோ எண்டு அண்ணா கேட்டவரோ?"

"கேட்டவர்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நீ செய்தது எண்டு சொன்னனான்."

அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைக்கவில்லை. பை பாதி கட்டினபடி கிடக்கிறது. அவள் வருவாளோ தெரியாது.

ஆனால் திரும்பவும் கேட்பாள். எத்தனை தரம் கேட்டாலும் இதே பதிலைத்தான் சொல்லுவேன். என்னை நல்லவனாகக் காட்ட ஒரு சொல்லும் கூட்டமாட்டேன், குறைக்கவும் மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் தங்கையைக் கட்டிய,
உன் மச்சான் சிவா