அக்காவைக் கரையேற்றிவிட்டேன், அப்பா

இதைப் படிப்பவர்களே, யாரிடமும் காட்டிவிடாதீர்கள். முக்கியமாக என் அக்காவிடம்.

என் செல்ல அப்பாவுக்கு,

போர்வைக்குள் டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள். கீழ்வேளூரில் நல்ல மழை. நீங்கள் இல்லாமலே நம் வயலில் நடவு முடிந்துவிட்டது. நடவாட்களுக்கு அம்மா வடை வாங்கிக் கொடுத்தாள்.

பெரிய செய்தி ஒன்று. மலர் அக்கா வீடியோ கேம் செய்யும் கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள். வீட்டிலிருந்தே வேலை. அவள் வரைந்த வாத்துகள் வயலில் கழுத்தை ஆட்டிக்கொண்டு நடக்கும். அதில் ஒரு வாத்துக்கு அப்படியே உங்கள் நடை.

ஆனால் கேம் வெளியாகும் நாள் நெருங்க நெருங்க, அவளுக்கு ராத்திரியும் இல்லை, ஞாயிறும் இல்லை. "இன்னிக்கு மட்டும்மா" என்று மேனேஜர் தினமும் சொல்கிறார். நேற்று குளிக்கப் போனவள் உள்ளேயே தூங்கிவிட்டாள். கதவைத் தட்டித் தட்டி அம்மா அழுதேவிட்டாள்.

இன்று கம்ப்யூட்டர் முன்னாலேயே தலை சாய்ந்துவிட்டது. திரையில் மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது.

"மலர், வாத்து என்னாச்சு? விடியறதுக்குள்ள வேணும்" என்றார் மேனேஜர்.

மைக்கைத் திறந்தேன். நாற்றுக்கட்டு மிஞ்சிக் கிடந்தாலும், பொழுது சாய்ந்தால் "கரையேறுங்க" என்று நடவாட்களை வரப்பில் ஏறச் சொல்வீர்களே, அதுதான் வாயில் வந்தது.

"அக்கா கரையேறியாச்சு சார். கரையேறினவங்கள மறுபடி வயல்ல இறக்கக் கூடாது."

"யாரும்மா நீ? எந்த வயல்?"

"மிச்ச நாத்து தண்ணியில கெடக்கட்டும் சார். நாத்து வாடாது, ஆளுதான் வாடும்."

யாரோ சிரித்தார்கள். "எனக்கு மயிலாடுதுறை சார். நானும் கரையேறுறேன்" என்றது ஒரு அண்ணன் குரல். "எனக்கும் கால் ஊறிப்போச்சு சார்" என்றாள் ஒரு அக்கா. ஒவ்வொரு முகமாக மறைந்து, கடைசியில் மேனேஜர் மட்டும் நடு வயலில் தனியாக நின்றார். கொட்டாவி விட்டார்.

"காலையில மலரைப் பேசச் சொல்லு" என்றார். அது கோபமா, தூக்கமா? அக்காவுக்கு வேலை போய்விடுமா அப்பா?

எப்படியானாலும் நாளைக்கு நானே அவளிடம் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஒரு வாக்கும் தருகிறேன். பொழுது சாய்ந்தால் இனி இந்த வீட்டில் நான்தான் குரல் கொடுப்பேன்.

உங்கள் பயந்தாங்கொள்ளிச் சின்ன மகள்,
கயல்

அப்பா, அக்கா விழித்துவிட்டாள், கதவைத் தட்டுகிறாள்.

"அடியே கயல், முழிச்சிருக்கியா? ஆபீஸ் குரூப்புல எல்லாரும் கரையேறியாச்சு, கரையேறியாச்சுன்னு போட்டிருக்காங்க. மேனேஜரும் போட்டிருக்காரு. என்னடி பண்ணி வெச்சிருக்க?"