கண்டதைக் கண்டதென்று சொன்னவளுக்கு

நேற்றுக் காலை உன் அம்மா குருநகரிலிருந்து பஸ் ஏறி உடுவிலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் நீ படித்த ஆங்கிலத் தாள்கள். "என்னட்டை இருந்து என்ன பிள்ளை, எனக்கு வாசிக்கத் தெரியுமே? நீ வைச்சிரு" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். பையைத் திறந்ததும் கருவாட்டு மணம் அடித்தது. மேலே கிடந்த தாளின் தலைப்பு 'குற்றமும் சமூக நடத்தையும்'. ஓரமெல்லாம் உன் பென்சில் எழுத்து. அழப்போகிறேன் என்று நினைத்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நல்ல கோபம். நீ இருந்தால் ரசித்திருப்பாய்.

அந்த வகுப்பில் பன்னிரண்டு பேர் இருந்தோம், எல்லோரும் வளர்ந்த ஆட்கள். நீ இங்கிலாந்தில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்குப் போவதற்காகச் சேர்ந்தாய். நான் லண்டனில் இருக்கும் கணவரிடம் போவதற்காக. ஆங்கிலத்தில் சொற்கள் தனியாக வருவதில்லை, சோடி சேர்ந்துதான் வரும் என்று எங்களைப் படிப்பித்த சேர் சொல்லித் தந்தார். குற்றத்துக்குப் பக்கத்தில் 'கொமிற்' வரவேண்டும். சட்டத்தை 'பிரேக்' பண்ணலாம். வாக்குமூலத்தை 'ரெல்' பண்ணினால் புள்ளி போய்விடும், 'கிவ்' பண்ண வேண்டும். நான் இவற்றை வீட்டில் வாய்க்குள் முணுமுணுத்துப் பாடமாக்கினேன். உனக்கு அது பிடிக்காது. சத்தமாகச் சொன்னால்தான் நாக்குக்கு வரும் என்பாய். பஸ்ஸில், அவ்வளவு சனத்துக்கு நடுவில், "ஹீ கொமிற்றட் எ மேர்டர்" என்று ஒருநாள் நீ சொன்ன சத்தத்தில் முன் ஆசனத்து ஐயா திரும்பிப் பார்த்தார்.

"பிள்ளையள், ஆரைக் கொலை செய்தனியள்?"

"இன்னும் ஒருத்தரையும் இல்லை ஐயா. சோதினைக்குப் படிக்கிறம்" என்றாய். பஸ்ஸே சிரித்தது. நான் வெட்கத்தில் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

'ரேர்ண் எ பிளைன்ட் ஐ', குருட்டுக் கண்ணைத் திருப்புவது என்ற தொடர் வந்த நாளில் நீ சேரோடு வாதாடினாய். தெரிந்தும் தெரியாததுபோல் இருந்துவிடுவது என்று அவர் பொருள் சொன்னார். "குருட்டுக் கண்ணுக்கு ஒண்டும் தெரியாது சேர். அதைத் திருப்பினால் என்ன, திருப்பாட்டில் என்ன? கண்டுபோட்டுப் பொய் சொல்லுறவனுக்கு ஏன் குருடன்ரை பேரைக் குடுக்கிறியள்?" சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சோதனையில் அப்படியே எழுதச் சொன்னார், அவ்வளவுதான்.

இரண்டு கிழமை கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, பின்னேரம் நாலு மணி. வகுப்பு முடிந்து படியிறங்கி வந்தோம். கீழே ரெலிபோன் திருத்தும் கடை. அந்தக் கடைக்காரத் தம்பி நம் இருவருடைய ரெலிபோன்களையும் பலமுறை திருத்தித் தந்தவன். களவெடுத்த ரெலிபோன் ஒன்றின் பூட்டைத் திறந்து தர மறுத்துவிட்டான் என்பதும், அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பதும் பிறகுதான் நமக்குத் தெரிந்தது. இரண்டு மோட்டார் சைக்கிள்களில் நாலு பேர் வந்து இறங்கினார்கள். கையில் வாள். கண்ணாடி அலுமாரிகளை அடித்து நொறுக்கினார்கள், தடுக்க வந்தவனின் கையில் வெட்டினார்கள். ஒரு நிமிடம்கூட ஆகியிராது. வெளியே வந்தவர்களில் ஒருவன் தலைக்கவசத்தைக் கழற்றி முகத்தைத் துடைத்தான். நமக்கும் அவனுக்கும் இடையில் ஐந்தாறு அடிதான். நீயும் கண்டாய். நானும் கண்டேன்.

நான் மதிலுக்குப் பின்னால் ஓடினேன். அங்கிருந்து பார்த்தபோது, நீ உன் கழுத்துச் சால்வையை இழுத்து அந்தத் தம்பியின் கையைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாய். வீதியில் இருபது பேராவது நின்றிருப்பார்கள். "பாத்துக்கொண்டு நிண்டது போதும்! ஆராவது ஓட்டோ பிடியுங்கோ!" என்று கத்தினாய். அதன் பிறகுதான் ஒருவர் ஓடினார்.

மறுநாள் நம்மைப் பொலிசுக்குக் கூப்பிட்டார்கள். முதலில் என்னிடம் கேட்டார்கள். "நான் ஒண்டும் காணேல்லை" என்றேன். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். பிறகு உன் முறை. அரைகுறைத் தமிழில் கேட்டு, சிங்களத்தில் இரண்டு பக்கம் எழுதி, கையெழுத்துப் போடு என்று அந்த அதிகாரி தாளை நீட்டினார்.

"எனக்கு விளங்காத எழுத்துக்குக் கீழை என்ரை கையெழுத்து வராது" என்றாய்.

அவருக்கு அது விளங்கவில்லை. நீ மூச்சை இழுத்துக்கொண்டு, பஸ்ஸில் பேசிய அதே சத்தத்தில், "ஐ வில் கிவ் எ ஸ்டேற்மென்ற். ஐ வில் நொட் சைன் திஸ் பேப்பர்" என்றாய். அவருடைய ஆங்கிலமும் நம்முடையதைப் போல நொண்டுவதுதான். இருவருக்கும் சொந்தமில்லாத ஒரு மொழியில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, இருவரும் சண்டை பிடித்தீர்கள். கடைசியில் அவர் சிரித்துவிட்டார். தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர் வந்து சேர மூன்று மணித்தியாலம் ஆனது. அதுவரை உனக்குப் பால் விடாத பிளேன்ரீ வாங்கித் தந்தார். நீ சொன்னது தமிழில் எழுதப்பட்டது. ஒவ்வொரு வரியாக வாசித்து, ஒரு இடத்தில் திருத்தச் சொல்லி, பிறகுதான் கையெழுத்துப் போட்டாய். அந்த மூன்று மணித்தியாலமும் நான் உன் பக்கத்தில்தான் இருந்தேன். நான் சொன்ன பொய்யைத் திருத்தவில்லை.

திரும்பும்போது நான்தான் தொடங்கினேன். "எனக்கு விசா அலுவல் இருக்கு. அவங்கள் வீட்டைத் தேடி வந்தா நான் என்ன செய்யிறது?"

"எனக்கும் விசா அலுவல் இருக்குத்தானே" என்றாய். பிறகு, "பயப்பிடு. பயம் பிழையில்லை. ஆனா பொய் சொல்லிப் பழகாதை, பிறகு நாக்கு அதிலைதான் போய் நிக்கும்" என்றாய். உன் குரலில் கோபம் இருக்கவில்லை. இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

உங்கள் வீட்டு ஒழுங்கைக்குள் அந்த வாள்காரர்கள் இரண்டுமுறை வந்து போனார்கள். கடலுக்குப் போகும் உன் அண்ணை, சொன்னதைத் திரும்பப் பெறச் சொல்லிக் கெஞ்சினார். "சொன்னதை எப்பிடி அண்ணை திரும்ப விழுங்கிறது?" என்று கேட்டாயாம். உன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். வகுப்பில் நீ ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. வழக்கம்போல என்னை ஒவ்வொரு சோடியாகக் கேட்டு, பிழைவிட்டால் சிரித்தாய்.

பிறகு மாரிமழை வந்தது. உனக்குக் காய்ச்சல் என்றார்கள், டெங்கு என்றார்கள். ஐந்தாம் நாள் நீ இல்லை. வாள் கொண்டு வந்தவர்களுக்கு அசையாத உன்னை ஒரு நுளம்பு கொண்டுபோனது. இதை நான் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஏற்றுக்கொள்ளப் போவதுமில்லை.

உன்னை அடக்கம் செய்த அன்று, கல்லறைகள் நிறைந்த சேமக்காலையின் வாசலில் இரண்டு ஆண்கள் கதைத்துக்கொண்டு நின்றார்கள். "சாட்சிக்காரி போயிட்டாள். இனி வழக்கு முடிஞ்சுது." துக்கத்தில் சொன்ன பேச்சல்ல அது. பாரம் இறங்கியவனின் பேச்சு. என் கையில் உனக்குப் போடவென்று கொண்டுவந்த பூக்கள் இருந்தன. போட்டுவிட்டு, திங்கட்கிழமை தனியாகப் பொலிசுக்குப் போனேன்.

அதே அதிகாரி. "முந்திச் சொன்னது பொய். நான் கண்டனான்" என்றேன். அதற்கும் சட்டத்தில் தண்டனை இருக்கிறது, தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அந்தத் தாள்களை நானும் படித்தவள்தானே. மேலதிக வாக்குமூலம் என்று தலைப்பிட்டுத் தமிழிலேயே எழுதுவித்தார்.

கணவருக்குச் சொன்னேன். "உனக்கேன் உந்த வேலை? விசா வாற நேரத்திலையோ?" என்று கத்திவிட்டு ரெலிபோனை வைத்தார். இரண்டு நாள் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்து, "எண்டைக்குக் கோட்டுக்குப் போகவேணும்?" என்று மட்டும் கேட்டார். வழக்கு நாள் முழுவதும் அங்கே வேலைக்குப் போகாமல் ரெலிபோனோடு இருந்திருக்கிறார்.

நீதிமன்றத்தில், பிடிபட்ட நாலு பேருடைய வழக்கறிஞர் என் முதல் வாக்குமூலத்தை எடுத்து வாசித்தார். அதை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப ஏன் காணேல்லை எண்டு சொன்னனீங்கள்?"

"பயம்."

"இப்ப பயம் போயிட்டுதோ?"

"இல்லை. இப்பவும் பயம்தான். ஆனா கண்டனான்."

நான் கண்டவனைக் காட்டச் சொன்னார்கள். அன்று முகத்தைத் துடைத்தவனைக் கையை நீட்டிக் காட்டினேன். பொய் சொன்னவள், இறந்துபோன சிநேகிதிக்காக நாடகம் ஆடுகிறாள் என்று அந்த வழக்கறிஞர் அரை மணித்தியாலம் பேசினார். நான் இறங்கி வரும்போது, என் சொல் எடுபடாது என்றே நினைத்தேன்.

கடைக்காரத் தம்பி அதுவரை, தலைக்கவசம் போட்டிருந்தார்கள், தெரியாது என்று சொல்லிவந்தவன். அன்று சாட்சிக் கூண்டில் ஏறாமல் பின் வரிசை வாங்கில் ஒளிந்ததுபோல இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். அடுத்த வழக்குத் தவணைக்கு வந்து கூண்டில் ஏறினான். விரல்கள் முழுதாக மடங்காத அந்தக் கையைத் தூக்கி, மற்ற மூன்று பேரையும் பெயர் சொல்லிக் காட்டினான். "அந்த அக்கா என்ரை கையைக் கட்டேக்கை எனக்கு நினைவு இருந்தது. அவ செத்த பிறகும் நான் பேசாமல் இருந்தா, கட்டின கைக்கு என்ன மரியாதை?" என்று அவன் சொன்னது பதிவில் இருக்கிறது. நீ கேட்டிருக்க வேண்டும்.

நாலு பேருக்கும் சிறைத்தண்டனை கிடைத்தது. வெளியே, முகத்தைத் துடைத்தவனின் தாய் என்னை மறித்து, "நீயும் ஒரு பொம்பிளையே?" என்று மண்ணை அள்ளி எறிந்தார். அவர் பெற்றவர், அழட்டும். நான் விலகவில்லை. அவர் அழுது முடியும் வரை அந்த இடத்திலேயே நின்றேன்.

உனக்கு ஒரு செய்தி. நான் ஆங்கிலச் சோதனையில் சித்தியடைந்துவிட்டேன். விசா வரும்போது வரட்டும். அதுவரை வாரத்தில் மூன்று நாள் அந்த வகுப்புக்குப் போய், புதிதாகச் சேர்ந்தவர்களோடு இருந்து படிக்கிறேன். அவர்களும் வாய்க்குள்தான் முணுமுணுக்கிறார்கள். விடுவேனா?

சிறைக்குப் போனவர்களின் சிநேகிதர்கள் வெளியேதான் இருக்கிறார்கள். நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது ஒரு கறுப்பு மோட்டார் சைக்கிள் பின்னால் வருகிறது. என் பக்கத்தில் வந்ததும் வேகத்தைக் குறைக்கிறது. முதல் நாள் குனிந்துகொண்டு நடந்தேன். இரண்டாம் நாளும் அப்படித்தான். இப்போது நின்று, திரும்பி, அதன் இலக்கத் தகட்டைப் பார்த்து, வேலிக்குள் நிற்கும் சனத்துக்கெல்லாம் கேட்கும்படி ஒவ்வொரு எழுத்தாக உரத்து வாசிக்கிறேன்.