முதல் பரிசுப் படம்

என்னங்க,

புகைப்படப் போட்டியில் உங்கள் கொண்டைக்குருவிப் படத்துக்கு முதல் பரிசாம். பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னார். மூன்று குஞ்சுகளும் வாய் திறந்திருப்பது அவ்வளவு தெளிவாம்.

தெளிவாக இல்லாமல் என்ன? வீட்டுக்குப் பின்னால், உண்ணிச்செடிக்குள் கூட்டை மறைத்திருந்த இலைகளைக் கத்தரித்தது நீங்கள்தானே. "வேண்டாங்க, காக்கா பாத்துடும்" என்றேன். "ரெண்டு இலைதானே, ஒண்ணும் ஆகாது" என்றீர்கள்.

மறுநாள் காலையில் காகம் மூன்றையும் தூக்கிப்போய்விட்டது. தாய்க்குருவி சுவரில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருந்தது. நானும் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஓடி வந்தீர்கள், கேமராவோடு.

"அப்படியே இரு, வெளிச்சம் நல்லாருக்கு."

நேற்று அக்கா போனில், "நீ எப்படிடி இருக்க?" என்று கேட்டாள். இந்த வீட்டில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவளிடமே போகிறேன். கூப்பிட வராதீர்கள்.

இன்றுவரை உங்கள் மனைவி