மாற்று உறுப்பினரின் வலது கை

மார்ச் 15, 1999

இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். வங்கி கவிழும், நம் சேமிப்பை முடக்குவார்கள், கவிழ்த்த முதலாளிக்கே அரசாங்கம் கஜானாவைத் திறந்துவிடும் — ஒரு வார்த்தை பிசகவில்லை. எங்கள் ஊர் லத்தகுங்காவில் பாதிப் பேர் சாட்சி.

சோய்லாதான் கேட்கிறாள்: "அவ்வளவு தெரிஞ்ச மனுஷன், என் முழங்கால் ஆபரேஷன் காசை ஏங்க முன்னாடியே எடுக்கல?"

பொண்டாட்டியிடம் மட்டும் எந்தத் தீர்க்கதரிசியும் ஜெயித்ததில்லை.

ஏப்ரல் 22

வங்கியைக் காப்பாற்ற அரசாங்கம் கொடுத்த மீட்புப் பணம் எங்கே போனது என்று கேட்க நாடாளுமன்றத்தில் ஏழு பேர் குழு. எங்கள் தொகுதி உறுப்பினர் டாக்டர் பக்கெரீசோவும் அதில் இருக்கிறார். வாக்குச்சீட்டில் அவர் பெயருக்குக் கீழே, மாற்று உறுப்பினர் என்று என் பெயரும் இருந்தது. அவர் வராத நாளில் அந்த நாற்காலி எனக்கு. பிரசாரத்துக்கு என் லாரி தேவைப்பட்டதால்தான் போட்டார்கள் என்கிறாள் சோய்லா. பொறாமை.

மே 11

குழு மூன்று முறை கூடிவிட்டது. முதல் முறை போதிய உறுப்பினர்கள் வரவில்லை. இரண்டாம் முறை வங்கி முதலாளி தோன் கவீனோ நெஞ்சுவலி என்று சீட்டு அனுப்பினார். அந்த ஞாயிறே சேவல் சண்டையில் பல்லிளிக்கும் படம் பத்திரிகையில். மூன்றாம் முறை, அவர் சீக்கிரம் குணமாக வேண்டும் என்று ஒரு தீர்மானம்.

மே 18

தலைநகர் கித்தோவிலிருந்து தொலைபேசி! நாளை தோன் கவீனோவைக் கட்டாயமாக வரவழைப்பதா என்று வாக்கெடுப்பு. பக்கெரீசோவே பேசினார், அவருக்குத் திடீர் வயிற்றுப்போக்காம்.

"நீங்க சும்மா போய் உக்காருங்க, தோன் எலெயூத்தேரியோ. பேச வேணாம். கையைத் தூக்க வேணாம். அவ்வளவுதான்."

நாட்டையே என்னிடம் ஒப்படைக்கிறார்! சோய்லா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று என் கோட்டுக்கு இஸ்திரி போட்டாள்.

மே 19

எழுந்தேன். முழங்கினேன். மேசையில் குத்தியதில் தண்ணீர்க் குவளை குதித்தது. குழுத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கூப்பிடுங்க அந்த ஆளை!" என்று வலது கையை உயர்த்தினேன். நாலுக்கு மூன்று. தீர்மானம் நிறைவேறியது!

மே 20

பக்கெரீசோவுக்கு வயிறு சரியாகிவிட்டது போல, குரல் கணீரென்று இருந்தது. "ஒரு மூட்டை உருளைக்கிழங்கை அனுப்பியிருக்கலாம்யா! அதுக்குக் கையாவது கிடையாது!"

ஜூன் 3

தோன் கவீனோ வந்தார். தொலைக்காட்சியில் ஊரே பார்த்தது. மீட்புப் பணம் எங்கே என்றால் ஞாபகமில்லை. மயாமியில் வீடு வாங்கினீர்களா என்றால் அதுவும் ஞாபகமில்லை. ஆனால் கேமரா தன் பக்கம் திரும்பியதும் பக்கத்தில் இருந்த அமைச்சக அதிகாரி உளறிவிட்டார்: ஆபரேஷன் தேவைப்படுவோரின் சேமிப்பை முதலில் விடுவிப்போம்.

ஜூலை 27

சோய்லாவுக்கு ஆபரேஷன் முடிந்தது. கண் திறந்ததும் கேட்டாள்: "அன்னைக்கு நெசமாவே பேசினீங்களா?"

"பின்னே?" என்றேன்.

இங்கே எழுதலாம். பேசவே இல்லை. வாக்கெடுப்பு நடக்கும்போது காப்பிக்காரர், இலையில் பொதிந்து அவித்த சோள ஹுமீத்தாத் தட்டை எல்லாருக்கும் நீட்டிவிட்டு என்னைத் தாண்டிப் போனார். அவரைக் கூப்பிடத்தான் கையைத் தூக்கினேன். அதற்குள் அதையும் வாக்காக எண்ணிவிட்டார்கள். தலைவர் முறைத்தார்: "ஐயா, மாற்று உறுப்பினரே, அந்தக் கை வாக்குதானா?"

காப்பிக்காரர் திரும்பி வந்து தட்டை நீட்டினார். இடது கையால் வாங்கி வைத்தேன். வலது கையை இறக்கவில்லை. அந்த ஹுமீத்தா அப்படியே ஆறிப்போயிற்று.